வெந்நீர்ப் பெட்டியும் பச்சைக் கம்பியும்



ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்டால் பத்து காஜாவில் விடியற்காலைத் தண்ணீரைத் தொட முடிவதில்லை. பள்ளி திறந்திருக்கும் நாளாக இருந்தால், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். "குளித்தாயா?" என்று கேட்டால் "குளித்தேன் டீச்சர்" என்று பதில் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நேற்றைய மண் உண்மையைச் சொல்லிவிடும். பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்? நமக்கே குளிர்கிறதே!

இந்த மாதம் வெந்நீரைப் பற்றி எழுதப் போகிறேன். 'இதில் எழுத என்ன இருக்கிறது?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என் தாயாரை இழந்துவிட இருந்த கதை இது. படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இதில் இருக்கிறது. அதற்கு ஒரு நிமிடம் போதும்.

அண்டாவும் அடுப்பும்

நான் வளர்ந்த லயத்தின் பின்புறத்தில் மூன்று கல்லை வைத்து, அதன் மேல் ஓர் அண்டாவை ஏற்றியிருப்பார்கள். காய்ந்த பால்மரக் கிளைகள்தாம் விறகு. பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த அண்டாதான். கை பொறுக்கும் சூடா என்று பாட்டி விரலை விட்டுப் பார்ப்பார். அந்த நெருப்பில் மறைவு என்று எதுவும் கிடையாது. சூடும் புகையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தடவை சுட்டுக்கொண்ட பிள்ளை மறு தடவை கிட்டப் போகாது.

மின்சாரம் எங்களுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டிய செண்டரோ அணை 1930ஆம் ஆண்டிலேயே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு அந்த மின்சாரம் போயிற்று. எங்கள் லயத்திலோ, நான் சிறுமியாக இருந்த 1980களில்கூட, மாலை ஆறரைக்கு எஞ்சின் போட்டால் விளக்கு எரியும், பத்து மணிக்கு அணைந்துவிடும். இருந்த விளக்கோ வீட்டுக்கு ஒன்றிரண்டு. ஆகவே மின்சாரத்தோடு பழகிய அனுபவம் நம் பெற்றோருக்குக் குறைவு. 'சுவிட்சைத் தட்டினால் எரியும், தட்டினால் அணையும்' என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. இந்தக் குறையைத்தான் பின்னால் நானும் அனுபவித்தேன்.

எண்பது வெள்ளி வேலை

தோட்டம் கைமாறி லயங்கள் காலியானபோது, என் தாயார் என்னோடு தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. காலை ஐந்து மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பது அவருடைய பழக்கம். குளித்துவிட்டு வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பொறுக்கவில்லை. சம்பளம் வந்ததும் குளியலறைச் சுவரில் மாட்டும் மின்சார வெந்நீர்ப் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

கடையில் விலை பேசினேன், நிறம் பார்த்தேன், 'சிக்கனமானது' என்ற அட்டையைப் படித்தேன். யார் மாட்டப் போகிறார், எப்படி மாட்டப் போகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. உரிமம் பெற்ற ஒயர்மேன் முந்நூற்றைம்பது வெள்ளி ஆகும் என்றார். "மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும், டீச்சர்" என்று காரணமும் சொன்னார். தெரிந்தவர் ஒருவரோ எண்பது வெள்ளிக்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். எண்பதுக்கே கொடுத்தேன். சமையலறைப் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை அம்மா வெந்நீரில் குளித்துவிட்டு வந்து, "அண்டாவும் வேணாம், விறகும் வேணாம், நல்லாருக்கும்மா" என்று சொன்னபோது என் மனம் குளிர்ந்துவிட்டது.

ஆறு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. அதன் பிறகு பெட்டி தானாக அணையத் தொடங்கியது. பெட்டிக்குள்ளேயே இருந்த பாதுகாப்புக் கருவி 'டக்' என்று விழும். மறுபடி அமுக்கினால் எரியும். இரண்டு நாளில் மீண்டும் விழும். பழையவரையே கூப்பிட்டேன். "இது ரொம்ப நுணுக்கமான சாமான் டீச்சர், சும்மா சும்மா விழும். நான் சரி பண்ணிடுறேன்" என்றார். பத்து நிமிடம் திறந்து வைத்து ஏதோ செய்தார். அதன் பிறகு அது விழவே இல்லை. நானும் பழுது தீர்ந்தது என்று நம்பினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். "குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குங்குது" என்றார் அம்மா. "ஈரக் கையாலே தொடாதீங்கம்மா" என்று பதில் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். குளியலறையில் ஈரமில்லாத கைக்கு எங்கே போவது? ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை சொன்ன பதில் அது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பா வந்தார்

அந்த வாரக் கடைசியில் பெரியப்பா வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பழம் பிழிந்து மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி உண்டாக்குவார்கள். அந்த நீராவியில்தான் குலைகள் வேகும். ஆலைக்கு மின்சாரமும் அதிலிருந்துதான். கொதிகலனைத் தொட வேண்டுமானால் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கொதிகலனுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. அதிகாரிகள் காலக்கெடு வைத்து வந்து சோதிப்பார்கள். அவர் காலத்தில் 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்தச் சட்டம் 2024இல் நீக்கப்பட்டு, தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எல்லாம் வந்துவிட்டன. சட்டத்தின் பெயர் மாறினாலும் சோதனை நிற்கவில்லை.

அம்மா எறும்புக் கதையைச் சொன்னதும் பெரியப்பா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"ஏம்மா, இந்தப் பெட்டிக்குப் பூமிக்கம்பி எங்கே போகுது?"

"தெரியலை பெரியப்பா."

"சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தியா?"

"எந்தப் பொத்தான் பெரியப்பா?"

சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "இருபத்தெட்டு வருசம் கொதிகலன்கிட்டே நின்னேன். வேலைக்குப் போனதும் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்க்காம, வால்வைப் பார்க்காம ஒருநாளும் நெருப்பைக் கூட்டினதில்லை. நீயும் ஒரு கொதிகலனைத்தான் சுவத்துல மாட்டி வச்சிருக்கே. சின்னதுன்னு நினைச்சிட்டியா?" என்றார். கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

முதலில் நான் வேண்டாம் என்று விட்ட அதே ஒயர்மேனை அழைத்தேன். பெட்டியைத் திறந்து என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினார். பச்சையும் மஞ்சளும் கலந்த பூமிக்கம்பி வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றிக் கிடந்தது. பாதுகாப்புக் கருவியைத் தாண்டி ஒரு துண்டு ஒயரால் நேர் இணைப்புக் கொடுத்திருந்தது. சமையலறையில் ஒயரைச் சேர்த்த இடத்தில் பிளாஸ்டிக் கருகிப் பழுப்பாகியிருந்தது. வீட்டு மெயின் பெட்டியிலிருந்த பழைய பாதுகாப்புக் கருவியின் பொத்தானை அமுக்கினார். அது அசையவே இல்லை.

வீட்டுக் காவல்காரன் இரவில் சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கினால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான். பெட்டி அணைந்து அணைந்து விழுந்தது பழுது அல்ல. 'உள்ளே மின்சாரம் கசிகிறது' என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. என் காதில் ஏறவில்லை.

நாலாம் வகுப்புக் கணக்கு

நடந்ததை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

என் பெட்டியின் மேல் 3,600 வாட், 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. 3,600ஐ 240ஆல் வகுத்தால் 15. அதாவது, அந்தப் பெட்டி 15 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. நம் வீட்டுச் சதுரப் பிளக்கின் அளவு 13 ஆம்பியர். ஐந்து கிலோ தாங்கும் பைக்குள் ஆறு கிலோ அரிசியைத் திணித்தால் முதல் நாளே கிழியாது. நாளாக நாளாகக் கைப்பிடி நைந்துகொண்டே வரும். ஒயர் கருகியதும் அப்படித்தான். இதனால்தான் மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர், அதற்கென்று 20 ஆம்பியர் சுவிட்ச் என்று கேட்கிறார்கள். ஒயரும் சாதாரண விளக்கு ஒயர் அல்ல. எனக்கு இப்போது போட்டிருப்பது 4 சதுர மில்லிமீட்டர் கனமுள்ளது. போட்டு அணைக்கும் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

'அதுதான் 20 ஆம்பியர் சுவிட்ச் இருக்கிறதே, ஏதாவது ஆனால் அது விழுந்து காப்பாற்றாதா?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். காப்பாற்றாது என்பதுதான் பதில். அது ஒயரைக் காப்பாற்ற வந்த சுவிட்ச். மனிதனைக் காப்பாற்ற வந்தது அல்ல. ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு மில்லி ஆம்பியர் என்று பெயர். அப்படிப்பட்ட பத்துப் பங்கு உடலில் பாய்ந்தாலே சதை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். ஐம்பது, நூறு பங்கு பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. இருபது ஆம்பியருக்குக் காத்திருக்கும் சுவிட்சுக்கு இந்த அளவு கண்ணிலேயே படாது.

மனிதனைக் காப்பவை இரண்டு. ஒன்று பூமிக்கம்பி. பெட்டிக்குள் கசியும் மின்சாரத்தை மனித உடல் வழியாகப் போகவிடாமல் நேரே மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. மற்றது, நாம் இ.எல்.சி.பி. என்று சொல்லிப் பழகிய கருவி. இப்போது ஆர்.சி.டி. என்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கருவி செய்யும் வேலை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு நூறு பேரை வேலைக்கு அனுப்புகிறார்கள். மாலையில் தொண்ணூற்றொன்பது பேர்தான் திரும்பினார்கள் என்றால் மண்டோர் சும்மா இருப்பாரா? அந்த ஒருவர் எங்கே என்று வேலையை நிறுத்திவிட்டுத் தேடச் சொல்வார். இ.எல்.சி.பி.யும் அப்படித்தான். ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் அதே அளவு திரும்புகிறதா என்று ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், 'அது வேறு வழியில் போகிறது, யாரோ ஒருவர் உடலில்கூடப் போகலாம்' என்று கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும்.

எவ்வளவு குறைந்தால் வெட்ட வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள், ஈரத் தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்ற நுட்பமான அளவைக் குறிக்கின்றன. வெந்நீர்ப் பெட்டிக்குப் போட வேண்டியது இந்த 10தான். மெயின் பெட்டியில் வீடு முழுவதற்கும் போட்டிருக்கும் கருவி பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியருக்கு உரியது. அதை மட்டும் நம்பிக் குளிக்கக் கூடாது. என் வீட்டில் இருந்ததோ 100க்குக்கூட விழாத செத்த கருவி!

சின்னம்மா வீட்டுக் குழாய்

நமக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். என் சின்னம்மா 1970களில் தாதி வேலை படிக்க இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அந்தக் காலத்தில் இங்கிருந்து அப்படிப் போன பெண்கள் பலர். அங்கே வெந்நீர் ஆடம்பரம் அல்ல. குளிர்காலத்தில் வீட்டையே சூடாக்க வேண்டும். வீட்டுக்கு வீடு எரிவாயுக் கொதிகலன் இருக்கும்.

2005ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தில் பழைய கொதிகலனை மாற்றுவோர் பெரும்பாலும் புது வகையைத்தான் மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. பழைய வகையில் சூடான புகை வீணாக வெளியே போய்விடும். புது வகை அந்தப் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து நீராக்கி, அதன் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். எரிவாயுவின் சூட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயனாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நீர் வடிவதற்கு ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் வேண்டும்.

2010ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே கடும் பனி. சின்னம்மா வீட்டுக் கொதிகலன் 'களக் களக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தக் குளிரில் ஏராளமான வீடுகளில் இதே கதை. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. வடிகுழாயை மெல்லியதாகப் போட்டு, வெளிச்சுவரில் போர்வையில்லாமல் ஓடவிட்டிருந்தார்கள். குழாய்க்குள் நீர் உறைந்து அடைத்துக்கொண்டது. நீர் வடியாவிட்டால் ஆபத்து என்று இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. குழாயின் மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றியதும் பனி இளகி, மறுபடி எரிந்தது. பிறகு பதிவுபெற்ற ஆள் வந்து தடித்த குழாய் போட்டு, அதற்கு உறையும் போர்த்திவிட்டுப் போனார். அங்கே எரிவாயு வேலைக்குப் பதிவு இல்லாதவர் கை வைக்கக் கூடாது.

"ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய இயந்திரம், ஒரு முழக் குழாயால் படுத்துவிட்டது" என்று சின்னம்மா தொலைபேசியில் சொன்னார். குளிர் தேசத்துக் கதைக்கும் என் குளியலறைக் கதைக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் பெட்டி கெடவில்லை. பெட்டியைச் சுற்றிச் செய்த வேலைதான் கெட்டிருந்தது. அங்கே இயந்திரம் நின்றதும் காரணத்தைத் தேடினார்கள். நான் நிற்காதபடி செய்துவிட்டுத் தூங்கினேன்.

வாசகர் கேட்டவை

இதைப் பெற்றோர் கூட்டத்திலும் கோவிலிலும் பேசப் போய்ப் பல பேர் பல கேள்வி கேட்டார்கள். பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

'தண்ணீர் சூடாகவே வரவில்லை; பெட்டி போய்விட்டதா?' பெரும்பாலும் இல்லை. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் உள்ளே சூடேறும். கூரைத் தொட்டி உயரம் குறைவாக இருந்தாலோ, தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையில் மண் அடைத்திருந்தாலோ வேகம் குறைந்துவிடும். முதலில் சல்லடையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தொட்டி தாழ்வாக இருந்தால் பம்ப் வைத்த பெட்டி வேண்டியிருக்கும்.

'வெதுவெதுப்பாக வருகிறது, சூடு போதவில்லை.' குழாயைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். 3,600 வாட் பெட்டி நிமிடத்துக்கு மூன்று லிட்டர் நீரைச் சுமார் 17 பாகை சூடேற்றும். ஆறு லிட்டர் ஓடவிட்டால் அந்தச் சூடு பாதியாகிவிடும். இது எந்தப் பெட்டிக்கும் பொது.

'எந்தப் பெட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும்?' சுவரில் மாட்டும் உடனடி வெந்நீர்ப் பெட்டி எதுவானாலும், உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் மாறுகிறது. ஆகையால் அட்டையில் எழுதிய சிக்கனத்தைவிட உங்கள் குளியல் நேரம்தான் முக்கியம். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். வீட்டில் நாலு பேர் என்றால் நாளுக்கு 2.4, மாதத்துக்கு 72 யூனிட். உங்கள் மின் கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். உண்மையான சிக்கனம் வேண்டுமானால் கூரையில் வைக்கும் சூரிய வெந்நீர் அமைப்பு உண்டு. காற்றிலிருக்கும் சூட்டை இழுத்து நீருக்குக் கொடுக்கும் வெப்பப் பம்ப் என்பதும் உண்டு. அதற்கு மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் இரண்டுக்கும் முதலில் போட வேண்டிய பணம் அதிகம். பெரிய குடும்பத்துக்குத்தான் கட்டுப்படியாகும்.

'தொட்டி வைத்த வெந்நீர்ப் பெட்டியில் வால்வு சொட்டுகிறது, அடைத்துவிடலாமா?' கூடவே கூடாது! சூடான நீர் விரியும். அழுத்தம் ஏறும்போது வெளியேற்றத்தான் அந்த வால்வு இருக்கிறது. அதை அடைப்பது கொதிகலனின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்குச் சமம். தொட்டி வெடித்துவிடலாம். ஓயாமல் சொட்டினால் ஒயர்மேனையோ குழாய் வேலை தெரிந்தவரையோ அழைத்துக் காட்டுங்கள்.

'தமிழ்நாட்டுக்குப் போனபோது வாளிக்குள் போடும் வெந்நீர்க் கம்பி வாங்கி வந்தோம்.' ஒயர் செருகியிருக்கும்போது வாளித் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்து உயிரை விட்டவர்கள் அங்கே உண்டு. பாட்டியின் அண்டாவுக்குத்தான் விரல் பொருந்தும். என் யோசனை, அந்தக் கம்பியைப் பரண் மேல் போட்டுவிடுங்கள் என்பதுதான்.

'நாங்கள் இன்னும் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம்.' உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பழைய லயத்து ஒயர்கள் விளக்குக்கும் விசிறிக்கும் போட்டவை. வெந்நீர்ப் பெட்டியைத் தாங்கமாட்டா. விளக்கிலிருந்து ஒயர் இழுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், வீட்டுக்குப் போதிய நீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதையும் வீட்டைப் பழுது பார்ப்பதையும் முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. குழாயோ சுவரோ 'சுருக்' என்றால் எழுத்து மூலம் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். கடிதம் எழுதத் தயங்கினால் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுகிறவரிடம் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல ஒயர்மேன் மகிழ்ச்சியோடு காட்டுவார். தனி ஒயர், பூமிக்கம்பி, 10 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. மூன்றும் உண்டா என்று வேலை முடிந்து பணம் கொடுக்குமுன் கேளுங்கள். பெட்டியின் விலையோடு மாட்டும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டுக்கும் கையில் பணம் இல்லையென்றால், இரண்டு மாதம் பொறுத்து வாங்குங்கள். அதுவரை அடுப்பு இருக்கவே இருக்கிறது.

ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் மெயின் பெட்டியைத் திறவுங்கள். இ.எல்.சி.பி.யில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். 'T' என்ற எழுத்தோ 'டெஸ்ட்' என்ற சொல்லோ அதில் அச்சிட்டிருக்கும். உலர்ந்த கையால் அதை அமுக்குங்கள். 'டக்' என்று விழுந்து மின்சாரம் நின்றால் நல்லது. மறுபடி தூக்கிவிடுங்கள். வெந்நீர்ப் பெட்டியிலும் பொத்தான் இருந்தால் அதையும் அமுக்கிப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை வெந்நீர்ப் பெட்டியைத் தொடாதீர்கள். இதை மாதம் ஒரு தடவை செய்ய வேண்டும். சம்பளநாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பொத்தான் கருவியைத்தான் சோதிக்கும். பூமிக்கம்பி சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அதை ஒயர்மேன்தான் கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டும்.

என் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் பெரியப்பாவே வந்து பொத்தானை அமுக்கிப் பார்த்தார். மூன்று தடவை அமுக்கினார், மூன்று தடவையும் விழுந்தது. முந்நூற்றைம்பது வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய், எண்பதையும் இழந்து, அந்த முந்நூற்றைம்பதையும் கொடுத்து, புதுப் பெட்டிக்கும் பணம் கொடுத்தேன். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டு பால் வெட்டி என்னைப் படிக்க வைத்த கையை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

அம்மா மட்டும் பல நாள் அந்தக் குளியலறைக்குள் வெந்நீர்க் குழாயைத் தொட மறுத்துவிட்டார். பெரியப்பா வந்து சொன்ன பிறகுதான் தொட்டார். இப்போது சம்பளநாள் காலையில் அவரே என்னை எழுப்புகிறார்: "பொத்தானை அமுக்கினியா? அமுக்கிட்டு வா, நான் குளிக்கப் போகணும்."

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.